பதினோரு கட்டை விரல்

பயப்படாதீங்க அக்கா. கத்திதான்.

மேலே கம்பியில் வைத்தால் பிரேக் போடும்போது விழும். விழுந்தால் உங்கள் தலையில்தான் விழும், என் தலை கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அதனால்தான் மடியில் வைத்திருக்கிறேன். பதினோரு கத்தி. எண்ண வேண்டாம், கண்டக்டர் ஏற்கெனவே எண்ணிவிட்டார். "என்ன பாப்பா, கொலைக் கேஸா?" என்று கேட்டார். "இல்ல அண்ணாச்சி, கல்யாணம்" என்றேன். "எல்லாம் ஒண்ணுதான்" என்று முன்னால் போய்விட்டார். அவர் குரலைக் கவனித்தீங்களா? மூக்கில் ஆரம்பித்து மூக்கிலேயே முடிகிறது. "சேர்மாதேவி, சேர்மாதேவி, எறங்கு எறங்கு." இப்படி. பாருங்க, முன் சீட்டுத் தாத்தா எழுந்து நிற்கிறார். உட்காருங்க தாத்தா, இன்னும் பேட்டையே தாண்டவில்லை. கூப்பிட்டது நான்தான்.

மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலை கட்டி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாளே, அதுதான் என் அம்மா. ஆவுடையம்மாள். ஒன்றாகத்தான் ஏறினோம். அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால் வந்துவிட்டேன். பத்தொன்பது நாளாக அவள் என்னோடு பேசுவதில்லை. எனக்கு அதில் ஒன்றும் வருத்தம் இல்லை. சாப்பாடெல்லாம் நேரத்துக்கு வருகிறது. "கொழம்பு அடுப்பு மேல இருக்கு" என்று சுவரிடம் சொல்வாள். நான் சுவர் குரலில் "சரி" என்பேன். சுவருக்கு என்ன குரல் என்று பார்க்கிறீங்களா? எங்கள் வீட்டுச் சுவர் கொஞ்சம் ஓதம் ஏறியது. அந்த மாதிரி இருக்கும்.

நாளைக்கு அம்பாசமுத்திரத்தில் கல்யாணம். இன்றைக்கு மத்தியானம் காய் நறுக்க உட்காருவார்கள். அம்மா அந்த வட்டத்தில் உட்காருவாளா, இல்லை பின்பக்கம் குழாயடியில் அண்டா கழுவ உட்காருவாளா என்பது இன்னும் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பதினேழு வருஷம் அந்த வட்டத்தில் உட்கார்ந்தவள். அதைக் கெடுத்தது நான். வேணும் என்று கெடுக்கவில்லை, நல்லது செய்து கெடுத்தேன். விரலில் பிளாஸ்திரியைப் பார்க்கிறீங்க இல்லையா, அதற்கும் வருகிறேன்.

பாளையங்கோட்டையில் பலவேசம் மாஸ்டர் என்று ஒரு கல்யாணச் சமையல்காரர். தொண்டைக்குள் யாரோ தேங்காய் துருவுகிற மாதிரி பேசுவார். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு "வெளங்குதா" இருக்கும். "உப்பு ரெண்டு கை, வெளங்குதா. அடுப்பைத் தணி, வெளங்குதா." அவர் பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்றைக்கும் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்லி "வெளங்குதா" என்று கேட்டாராம். அவரிடம் காய் நறுக்குகிற பெண்கள் பதினோரு பேர். அதில் அம்மா ஒருத்தி. கத்திப் பை அம்மாவிடம்தான் இருக்கும். கல்யாணம் முடிந்ததும் பதினோரு கத்தியையும் கழுவி, துடைத்து, துண்டில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவருவாள். மாஸ்டர் தன் பெண்டாட்டியிடம்கூட அந்தப் பையைக் கொடுத்ததில்லை.

நான் பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா என்றால் முழுக்கச் சும்மா இல்லை. ரேஷன் கடைக்காரர் குரலில் தெருவில் "பாமாயில் வந்திருக்கு" என்பேன், நாற்பது பேர் கேனோடு வருவார்கள். பள்ளிக்கூடத்துக்கே ஒரு தடவை லீவு விட்டிருக்கிறேன், தலைமையாசிரியை குரலில், மைக்கில். பாதிப் பள்ளிக்கூடம் வீட்டுக்குப் போய்விட்டது. தலைமையாசிரியையும் கைப்பையை எடுத்துவிட்டார், அப்புறம்தான் யோசித்தார். எனக்கு எந்தச் சத்தமும் ஒரு தடவை கேட்டால் போதும். அது பெருமை இல்லை, மூக்கு மாதிரி, இருக்கிறது, அவ்வளவுதான்.

அம்மா காய் நறுக்கும்போது அவள் மணிக்கட்டில் ஒரு சத்தம் வரும். "டிக்." கத்தியை அழுத்தும்போது வரும். நாலு பீன்ஸுக்கு ஒரு டிக். நாக்கை மேலே ஒட்டி அதையும் செய்து காட்டினேன். முதல் தடவை அம்மா சிரித்தாள். இருபதாவது தடவை கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கு அந்தச் சத்தம் எரிச்சல். வேறு காரணம் ஒன்றும் கிடையாது. கத்தி நன்றாக வெட்டினால் அழுத்த வேண்டாம். அழுத்தாவிட்டால் டிக் வராது. சரிதானே? இதைக் கேட்டு யாராவது "தாய்ப் பாசம்" என்று ஆரம்பித்தால் நான் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவேன். நீங்கள் ஆரம்பிக்கவில்லை, அதனால் இருக்கிறேன்.

போனில் தேடினேன். ஒரு ஜப்பான்காரர் கல்லில் கத்தி தீட்டுகிற வீடியோ நிறைய இருந்தது. அவர் ஒரு வார்த்தை பேச மாட்டார். முதல் வீடியோவைப் பாதி பார்த்தேன், போன் மாவு வாளிக்குள் விழுந்தது. எடுத்துக் காயவைத்தால் எல்லாம் வேலை செய்கிறது, படம் மட்டும் இல்லை. முழுக்கக் கறுப்பு. வாயால் சொன்னால் தேடும், வீடியோ ஓடும், சத்தம் வரும். இன்னொருத்தராக இருந்தால் அதோடு விட்டிருப்பார்கள். எனக்குச் சத்தம் போதுமே.

பக்கத்து வீட்டுக் கொம்பையா மாமா தச்சு வேலைக்குக் கேரளா போயிருந்தார். அவர் உளி தீட்டுகிற கல் கொல்லையில் கிடந்தது. ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் வழவழப்பு. கேட்காமல் எடுத்தேன். அவர் குரலில் "எடுத்துக்கோ பிள்ள" என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன்.

கல்லை வாளித் தண்ணீரில் போட வேண்டும். புளுபுளு என்று குமிழி விடும். அது நிற்கிற வரைக்கும் தொடக்கூடாது. நின்றதும் எடுத்து ஈரத்துணி மேல் வைக்க வேண்டும், இல்லையென்றால் கல் நடந்து போகும். கத்தியைச் சாய்த்துப் பிடித்து இழுக்க வேண்டும். எவ்வளவு சாய்ப்பு என்பதுதான் வித்தை. அதிகமாகத் தூக்கினால் "க்ரீச்" என்று அழும். ரொம்பப் படுக்கவைத்தால் ஈரத் தரையில் செருப்பு இழுக்கிற சத்தம், அதில் ஒன்றுமே நடக்காது. சரியான சாய்ப்புக்கு ஒரு சத்தம் இருக்கிறது. சொரசொரப்புக் கல்லில் "ஷர்ர்ர்", வழவழப்பில் "ஸ்ஸ்ஸி", காப்பியை ஆற்றுகிற மாதிரி. நான் என்ன செய்தேன் என்றால், முதலில் வாயால் அந்தச் சத்தத்தைப் பழகினேன். ரெண்டு நாள். அப்புறம் கல்லிடம் அதே சத்தத்தை வாங்கினேன். பன்னிரண்டு நாள். நடுவில் எங்கள் வீட்டுக் கத்தி மூன்று செத்துப்போயின. ஒன்று ரம்பம் மாதிரி ஆனது, ஒன்று வாழை இலை மாதிரி வளைந்தது, ஒன்று எங்கே போனது என்றே தெரியவில்லை, தேய்ந்து முடிந்திருக்கும்.

அப்புறம் பிசிறு. ஒரு பக்கம் தீட்டத் தீட்ட, எதிர்ப்பக்கம் விளிம்பில் முடி மாதிரி இரும்பு எட்டிப் பார்க்கும். கண்ணுக்குத் தெரியாது. விரலைக் குறுக்கே தடவினால் சொரசொர என்று தட்டும். பிடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரே சீராகத் தட்ட வேண்டும். எங்கேயாவது தட்டவில்லை என்றால் அந்த இடம் மழுங்கலாக இருக்கிறது என்று அர்த்தம், அதை விடக்கூடாது. நான் எதையும் விடவில்லை. அப்புறம் கத்தியைத் திருப்பி மறுபக்கம். கடைசியில் பழைய ஸ்கூல் பெல்ட்டில் நாலு தேய்ப்பு, பிசிறு போய்விடும். பேப்பரைத் தொங்கவிட்டு வெட்டினால் சத்தமே வராமல் ரெண்டாகும். சத்தம் வராத ஒன்றை நான் ரசித்தது அதுதான் முதல் தடவை.

அந்த ஜப்பான்காரர் வீடியோ எல்லாமே ஒரே மாதிரி முடியும். கடைசியில் "டொக் டொக் டொக் டொக்" என்று வேகமாக ஒரு சத்தம். என்னவோ கதவைத் தட்டுகிறார் போல என்று விட்டுவிட்டேன். ஆனால் நன்றாகச் செய்வேன். டொக் டொக் டொக்.

வியாழக்கிழமை அம்மா நெல்லையப்பர் கோவிலுக்குப் போனாள். நான் கத்திப் பையை அவிழ்த்தேன். பதினோரு கத்தியையும் தீட்டினேன். பிடியிலிருந்து நுனி வரைக்கும், ஒரு இடம் விடாமல். அம்மா கத்திக்கு மட்டும் இன்னும் அரை மணி நேரம் சேர்த்துக் கொடுத்தேன். அம்மா அதை வாசல்படிக் கல்லில் தேய்ப்பாள், நுனிப் பக்கம் பாதி மட்டும். பிடிப் பக்கம் பாதியைத் தொடவே மாட்டாள். "பாவம், முழுசாத் தேய்க்கத் தெரியவில்லை" என்று நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் பழையபடி துண்டில் சுருட்டி வைத்துவிட்டேன். சொல்லவில்லை. சொல்லிவிட்டால் முகம் எப்படி மாறும் என்று பார்க்க முடியாதே.

மறுநாள் பாளையங்கோட்டையில் ஒரு சைவ வீட்டுக் கல்யாணம். வெங்காயம் வெட்டின கத்தியை வெள்ளரிக்காய்க்கு எடுத்தால்கூட முகம் சுளிக்கிற வீடு. நான் அம்மாவுக்கு முன்னால் மண்டபத்துக்குப் போய் அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். பதினோரு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் பதினெட்டுக் கிலோ பீன்ஸ். கத்தியை எடுத்தார்கள்.

முதலில் பகவதி சித்தி. சித்தி என்றால் சொந்தம் இல்லை, அம்மாவுக்குப் பக்கத்திலேயே பதினேழு வருஷம் உட்கார்ந்தவள், அதனால் சித்தி. "எம்மா" என்றாள், சாதாரணமாக, பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி. அடுத்து அவளுக்கு எதிரே இருந்தவள். அடுத்து அவளுக்கு வலது பக்கம். ஒவ்வொருத்தராகக் கட்டை விரலை வாயில் வைத்தார்கள். ஏழு பேர். மிச்சம் நாலு பேரில் ரெண்டு பேர் பூசணிக்காயைத் தரையில் வைத்து வெட்டினார்கள், ரெண்டு பேர் பேசிக்கொண்டிருந்ததில் இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஏழாவது அம்மா. அவள் கத்தியைத்தான் நான் ரொம்ப நேரம் தீட்டியிருந்தேன் இல்லையா. அவளுக்கு ரெண்டு தையல்.

கல்யாணப் பெண்ணின் பெரியப்பா எட்டிப் பார்த்தார். தட்டு வேட்டி, நெற்றியில் பட்டை. "என்ன மாஸ்டர், பீன்ஸ் பொரியலுக்குத் தக்காளி போடுதியளா?" என்றார். மாஸ்டர் அசையவில்லை. "கேரட் சாறு அண்ணாச்சி. நெறத்துக்கு" என்றார். முதல் தடவையாக வெளங்குதா இல்லாமல் பேசினார். பெரியப்பா போனதும் பதினெட்டுக் கிலோவையும் சாக்கில் கட்டி ஆளனுப்பி வெளியே போட்டார். அப்புறம் வட்டத்துக்கு நடுவில் வந்து நின்றார்.

"கத்திய யாரு தொட்டா?"

நான் மூட்டைக்குப் பின்னால் இருந்தேன். அம்மா எழுந்தாள். விரலில் முந்தானையைச் சுற்றியிருந்தாள். மூட்டைப் பக்கம் பார்த்தாள். அரிசி சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள் போல. "நாந்தான் மாஸ்டர்" என்றாள். "தெருவுல சாணை பிடிக்கிறவன் வந்தான். குடுத்தேன். இப்படித் தீட்டுவான்னு தெரியாது."

"பதினேழு வருசத்துல என்னைக்காவது சாணைக்குக் குடுத்திருக்கியா?"

"இல்ல."

"இப்ப எதுக்குக் குடுத்த?"

"புத்தி கெட்டுப்போய்க் குடுத்தேன்."

"பைய பகவதிகிட்டக் குடு. விரலு ஆறுனதும் வா. அண்டா கழுவலாம், வெளங்குதா."

நான் வெளியே வரவில்லை. வந்திருக்கலாம். நாலு எட்டுதான். ஆனால் அந்தப் பேச்சு ஒரு வார்த்தை தவறாமல் மனதில் ஏறிக்கொண்டிருந்தது, நடுவில் கலைக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். இப்போது கேட்டீங்க இல்லையா, எவ்வளவு சரியாக இருந்தது. ரெண்டு பேர் குரலும்.

என்ன, தண்ணீரா? கொடுங்க. தொண்டை கொஞ்சம் காய்ந்துவிட்டது. மாஸ்டர் குரல் செய்தால் அப்படித்தான் ஆகும்.

அன்றிலிருந்து அம்மா சுவரோடு பேச ஆரம்பித்தாள். சரி, நானே கெடுத்ததை நானே சரிசெய்யலாம் என்று பகவதி சித்திக்குப் போன் போட்டேன், மாஸ்டர் குரலில். "பகவதி, இது என் புது நம்பரு. ஆவுடை பாவம். அவளையே நறுக்கக் கூப்பிடு, வெளங்குதா."

"ஏட்டி பரணி" என்றாள் சித்தி. பரணி என் பெயர். "மாஸ்டருக்கு எம்பேரு தெரியும்னு உனக்கு யாருட்டி சொன்னா? பதினேழு வருசமா ஏ பிள்ளன்னுதான் கூப்பிடுதாரு. அன்னைக்கு மண்டபத்துலதான் மொத மொத வாயில வந்துச்சு, கோவத்துல. நீ மூட்டைக்குப் பின்னால இருந்து கேட்டிருப்ப. கத்தி தீட்டுனதும் நீதான?"

"ஆமா" என்றேன், மாஸ்டர் குரலிலேயே. மாற்ற மறந்துவிட்டது.

"வீட்டுக்கு வா. கத்திப் பை இங்கதான் கெடக்கு. ஒருத்தியும் தொட மாட்டேங்கா. ரெண்டு கல்யாணத்துக்கு இரவல் அரிவாள்மனை வாங்கி ஓட்டியிருக்கோம்."

போனேன். சித்தி கட்டை விரல் கட்டைப் பிரித்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். புதுக் காயத்துக்குக் கீழே பழைய கோடு கோடாக இருந்தது, விறகு மாதிரி காய்த்துப்போய். "ஏட்டி, அந்த வீடியோக்காரன் எதுல வச்சு நறுக்குதான்?" என்று கேட்டாள். தெரியாது, படம் வராது, கடைசியில் டொக் டொக் என்று கேட்கும் என்று செய்து காட்டினேன்.

"அது பலகைட்டி. அவன் பலகைல வச்சு நறுக்குதான். எங்களுக்குப் பலகை ஏது? இதுதான்." கட்டை விரலை ஆட்டினாள். "பீன்ஸக் கையில பிடிச்சு, கத்திய விரலுக்கு இழுப்போம். பிடிப் பக்கம் மழுங்கி இருக்கும். காய வெட்டும், தோலுல வந்து நிக்கும். அதனாலதான் பதினேழு வருசமா விரலு இருக்கு. நீ நிக்காத கத்தியாப் பண்ணிட்ட."

அக்கா, நீங்கள் எப்படி நறுக்குவீங்க? கையிலா? பார்த்தீங்களா. என் அம்மாவும் என் கண்ணுக்கு முன்னால் பதினேழு வருஷம் கையில்தான் நறுக்கியிருக்கிறாள். நான் டிக் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிடிப் பக்கம் பாதியை மழுக்க வேண்டும், நுனிப் பக்கம் பாதியைக் கூர்மையாகவே விட வேண்டும். அவ்வளவுதானே என்று தோன்றும். மழுக்குவது தீட்டுவதைவிடக் கஷ்டம். கத்தியை நட்டமாக நிறுத்திக் கல்லில் விளிம்பையே தேய்க்க வேண்டும். நான் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே க்ரீச் சத்தம்தான் இப்போது வேண்டும். ரொம்ப மழுங்கினால் பீன்ஸே வெட்டாது, திரும்ப அழுத்துவார்கள், திரும்ப டிக். கொஞ்சம் மழுங்கினால் விரல். பீன்ஸுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அதைப் பிடிக்க வேண்டும். அதற்குச் சத்தமே கிடையாது. இந்த விரலில்தான் பார்த்தேன். பதினோரு கத்தியில் நாலு வெட்டியது. அதுதான் இந்த நாலு பிளாஸ்திரி.

மழுக்கல் எந்த இடம் வரைக்கும் என்பது அடுத்த தொல்லை. ஒவ்வொருத்தி விரலும் ஒவ்வொரு இடத்தில் வந்து நிற்கும். பத்து வீட்டுக்கும் போனேன். சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குக் காய் நறுக்கும்போது எதிரே உட்கார்ந்து விரலைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. திட்டினார்கள். ஒருத்தி "உன் வாயைத் தீட்டி வச்சிருக்குறது போதாதா" என்றாள். ஒருத்தி திட்டிக்கொண்டே அடை சுட்டுப் போட்டாள். ஒருத்தி புருஷன் "யாரு இந்தப் பொண்ணு, ஊமையா?" என்று கேட்டார். எந்த வீட்டிலும் எந்தக் குரலையும் எடுத்துக்கொண்டு வரவில்லை. கத்திப் பிடியில் நகப்பாலிஷால் ஆளுக்கு ஒரு நிறப் பொட்டு வைத்து, அலகில் விரல் நிற்கிற இடத்தில் ஒரு கோடு போட்டேன்.

அம்மா விரலைப் பார்க்க முடியவில்லை. தையல் போட்ட விரல், வீட்டில் நறுக்குவதெல்லாம் நான்தான். அவள் கத்திக்கு மட்டும் குத்துமதிப்பு.

எல்லாம் முடிந்தது. முந்தாநாள் அம்மாவுக்குத் தையல் பிரித்தார்கள். நேற்றுக் காலை அவள் போனை எடுத்து மாஸ்டருக்குப் போட்டேன். வேறு யார் குரலிலும் இல்லை, இப்போது பேசுகிறேனே இதே குரலில்தான். "மாஸ்டர், நான் பரணி, ஆவுடை மக. சாணைக்காரன் யாரும் வரல. தீட்டுனது நான்."

அவர் பெருமூச்சு விட்டார். "ஆவுடை" என்றார். "உன் குரலு எனக்குத் தெரியாதா? பிள்ள மாதிரிப் பேசிப் பிள்ள தலையில கட்டுத. அன்னைக்கு ஒத்துக்கிட்டயேன்னு மதிப்பு வச்சிருந்தேன். அதுவும் போச்சு. நாளைக்கு அம்பாசமுத்திரத்துக்கு வா. அண்டா பக்கம், வெளங்குதா."

வைத்துவிட்டார்.

ஊரில் எத்தனை குரல் இருக்கிறதோ அத்தனையும் செய்கிறேன். என் குரல் அம்மா குரல் மாதிரி இருக்கிறது என்று இதுவரைக்கும் எனக்கு யாரும் சொன்னதில்லை. அம்மா அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சுவரிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்குக் காலையில் கத்திப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன், வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கண்டக்டரிடம் "ரெண்டு அம்பை" என்றாள். ரெண்டு என்றால் இன்னொன்று எனக்குத்தானே?

சேர்மாதேவி வந்துவிட்டது. பாருங்க, வெள்ளரிப்பிஞ்சுக் கூடை. "பிஞ்சு பிஞ்சு பிஞ்சேய்." இந்த அம்மா குரல் நன்றாக இருக்கிறது, கடைசியில் ஒரு வளைவு. செய்து காட்டட்டுமா? வேண்டாம், அம்மா வாங்குகிறாள்.

எழுந்திருக்கிறாள்.

அக்கா, இங்கேதான் வருகிறாள். கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்க. இந்தப் பக்கம் உட்காரட்டும்.

பையைப் பார்க்கிறாள். எந்தக் கத்தி? உன்னுதா? பச்சைப் பொட்டு உன்னுது. இரு, கையில் கொடுக்க மாட்டேன். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள் இல்லையா அக்கா. எங்களுக்குள் இனிமேல் வருவதற்கு ஒன்றும் பாக்கி இல்லை, இருந்தாலும் சீட்டு மேல் வைத்துவிடுகிறேன்.

எடுத்துவிட்டாள். அம்மா, பஸ் குலுங்குது. அம்மா, இப்ப வேண்டாம். தையல் பிரிச்சு ரெண்டு நாள்தான் ஆகுது.

நறுக்குகிறாள். அக்கா, நீங்கள் பாருங்க, நான் பார்க்கவில்லை. விரலில் நிற்கிறதா? தழும்பு மேலேயா?

நிற்கிறதா.

மணிக்கட்டில் ஏதாவது சத்தம் வந்ததா? எனக்குக் கேட்கவில்லை. பஸ் சத்தத்தில் உங்களுக்கும் கேட்டிருக்காது. சரி. வாங்கிக்கொள்ளுங்க அக்கா, முதல் துண்டு உங்களுக்குத்தான் நீட்டுகிறாள். எங்கள் அம்மா அப்படித்தான்.

என்னம்மா?

அக்கா, நீங்கள் சாட்சி. பத்தொன்பது நாள் கழித்து என் அம்மா என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "கோடு இன்னும் ஒரு விரக்கடை முன்னால வரணும்." சரிம்மா. வீட்டுக்குப் போனதும் மாற்றுகிறேன். ஒரு விரக்கடை. உன் விரலா, என் விரலா? உன் விரல். சரி.

ம். ம். இல்லம்மா. இல்ல, நீ சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்னா நீ அண்டா கழுவணும். எனக்குக் கெட்ட பேரு வந்தா வரட்டும், ஏற்கெனவே இருக்கிறதோடு சேர்ந்து கிடக்கும். நீ அவர்கிட்ட ஒண்ணும் பேசாத. நீ வாயைத் திறந்தா நான் பேசுதேன்னு நெனைப்பாரு, நான் திறந்தா நீ பேசுதேன்னு நெனைப்பாரு. ரெண்டு பேரும் அவருக்கு முன்னால நிப்போம். ஒரு வாய் மூடியிருக்கும், ஒரு வாய் பேசும். எந்த வாய் அசையுதுன்னு பாத்துக்கிடட்டும். அப்புறம் பதினோரு கத்தியையும் வரிசையா வச்சு என் விரலுல நறுக்கிக் காட்டுதேன். இல்லம்மா, பிளாஸ்திரி இல்லாத விரலுலதான்.

வீரவநல்லூர் போனதே தெரியவில்லை. இந்த வளைவு திரும்பினால் அம்பை.

நீங்கள் பாவநாசம்தானே அக்கா? பஸ் இங்கே பத்து நிமிஷம் நிற்கும். அதோ, டீக்கடைப் பக்கம் வெள்ளை வேன், அதில் சாய்ந்து நிற்கிறாரே, தோளில் சிவப்புத் துண்டு, அவர்தான் பலவேசம் மாஸ்டர். பார்த்தால் அந்தத் தொண்டை என்று சொல்ல முடியாது, இல்லையா?

அம்மா இறங்கிவிட்டாள். நானும் வருகிறேன் அக்கா. ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்க, நன்றாகத் தெரியும். நான் பேசுவது இங்கே கேட்காது. கேட்காவிட்டால் பரவாயில்லை. செய்து காட்டுகிற மாதிரி அதில் ஒன்றும் இருக்காது.